தீவு ஆஸ்பத்திரியின் போணி

பொன்னுச்சாமிக்குக் கார்மேகம் கொடுக்க வேண்டியது ஆயிரத்து நாற்பத்து மூன்று திர்ஹம். கழுத்தில் புடைத்த கட்டிக்கு டாக்டரைப் பார்த்து ஸ்கேன் எடுத்தது ஆயிரம். வரும் வழியில் டாக்சியும் புரோட்டாவும் மீதி. அறுத்தெடுக்க எட்டாயிரம் ஆகும் என்று டாக்டர் சொன்னார். கம்பெனி ஹெல்த் கார்டு போட்டுத் தரவில்லை. அதோடு கார்மேகம் ஆஸ்பத்திரி இருக்கும் திசையில் தலைவைத்துப் படுக்கவில்லை. கட்டிக்கு அதெல்லாம் தெரியுமா? அது பாட்டுக்கு எலுமிச்சை அளவுக்கு வந்து, சோறு விழுங்கும்போது மறித்தது.

"ஒன் கட்டி வளர்ற வேகத்துல எங்காசு வளந்திருந்தா நான் ஊருக்கே போயிருப்பேன்டா" என்று பொன்னுச்சாமி தினமும் டீக்கடையில் சொல்வார்.

அவர் பரமக்குடியில் மளிகைக் கடை வைத்திருந்தவர். திறந்த அன்று முதல் ஆள் கடன் சொல்லி அரிசி வாங்கிப் போனான். போணி கெட்டது, இரண்டே வருசத்தில் கடையும் படுத்தது, மனுசர் அபுதாபி முசஃபாவில் வெல்டராக எழுந்தார். அன்றிலிருந்து போணி என்றால் அவருக்குச் சாமி மாதிரி.

இரண்டாயிரத்து நாலில், அவரும் கார்மேகமும் வெல்டிங் பார்த்த யார்டுக்கு ஒரு வேலை வந்தது. கப்பலில் ஏற்றும்படி மூன்று கேபின்களில் ஓர் ஆஸ்பத்திரி. ஃபோர்மேன் கலீலுர் ரஹ்மான் கீழக்கரைக்காரர். அவர்தான் விவரம் சொன்னார்.

"பசிபிக் கடல்ல ஒரு தீவுப்பா. அம்பது வருசத்துக்கு முந்தி பெரிய நாட்டுக்காரன் அங்கன அணுகுண்டு வெடிச்சுப் பாத்திருக்கான். சாம்பல் மழை மாதிரி விழுந்துச்சாம். புள்ளைக அதுல வெளையாண்டுச்சாம். இன்னமும் அவுகளுக்குக் கழுத்துல கட்டி. இங்க உள்ள ஒரு தர்ம சங்கம் ஆஸ்பத்திரி அனுப்புது."

எல்லோரும் கார்மேகத்தின் கழுத்தைப் பார்த்தார்கள்.

"எலே, நீ நெசமாவே முதுகுளத்தூரா?" என்றார் பொன்னுச்சாமி.

கார்மேகம் வேலையைப் பார்த்தான். கழுத்துக் கட்டிக்காரர்கள் ஏறிவரும் படிக்கட்டைக் கழுத்துக் கட்டியோடு பற்றவைத்தான்.

ஒப்படைக்கும் நாள் வந்தது. சங்கத்து ஆபீசர் டை கட்டி வந்தார், பத்திரிகைக்காரன் கேமராவோடு வந்தான், மிஷினைச் சோதிக்க வெள்ளைக்கார டாக்டரம்மா வந்தார். போட்டோவுக்கு நோயாளியாக வரவேண்டிய தீவுக்காரர் மட்டும் வரவில்லை. ஏர்போர்ட் கம்ப்யூட்டரில் அவருடைய தீவின் பெயர் இல்லையாம். அப்படி ஓர் ஊரே கிடையாது என்று உட்கார வைத்துவிட்டார்கள்.

"குண்டு போடையில மட்டும் ஊரு இருந்துச்சாக்கும்" என்றார் கலீல் பாய்.

போட்டோவுக்கு நோயாளி வேண்டும். கப்பல் சாயங்காலம். ஆபீசரின் கண் கார்மேகத்தின் கழுத்தில் வந்து நின்றது. யாரோ ஒருவனின் பூப்போட்ட சட்டையைக் கழற்றி அவனுக்கு மாட்டினார்கள்.

டாக்டரம்மா நடிப்புக்கெல்லாம் ஆள் இல்லை. கட்டிலில் படுத்தவன் கழுத்தில் குளிர்ந்த பசையைத் தடவி, மிஷினை ஓட்டிப் பார்த்தார். முகம் மாறியது. கலீல் பாய் மொழிபெயர்த்தார்: "நல்ல கட்டிதானாம், புத்துநோய் இல்லையாம். ஆனா மூச்சுக்குழாயை நெருக்குதாம். ரெண்டு மாசம் தாண்டுனா ஆபத்துங்குறாங்க."

சங்கமே செலவைப் பார்த்துக்கொள்ளலாமே என்று டாக்டரம்மா கேட்டதற்கு ஆபீசர் இல்லையென்று தலையை ஆட்டினார். வருத்தம்தான், ஆனால் இந்தப் பணம் தீவுக்காரர்களுக்கு மட்டும்.

கார்மேகம் எழுந்து சட்டைப் பித்தானைக் கழற்றத் தொடங்கினான். அப்போதுதான் பொன்னுச்சாமி கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார்.

"நில்றா! மொத நோயாளி நீ. போணிக் காசு குடுக்காம எறங்குனா ஆஸ்பத்திரி வெளங்குமா? அந்தச் சனம் பட்டது போதாதா?"

கார்மேகம் பையைத் துழாவி ஒரு திர்ஹம் எடுத்தான்.

"அட, அது எங்காசு!" பொன்னுச்சாமி அவன் கையைப் பிடித்தார். "எனக்குக் கடன்பட்டவன் பையில கெடக்குறது பூராம் எங்காசுதான். கடன் காசுல போணியா? எங்கடை மாதிரி இதுவும் முழுகணுமா?"

"அப்ப குடுக்கலைண்ணே."

"குடுக்காமப் போனாலும் முழுகும்டா!"

"அப்ப என்னதான்ணே செய்ய?"

பொன்னுச்சாமி திரும்பி, தானே ஈயத் தகடு அடித்த எக்ஸ்ரே ரூமைப் பார்த்தார். இரண்டு கைகளையும் வானத்துக்குத் தூக்கி, அடிவயிற்றிலிருந்து கத்தினார்:

"ஆயிரத்து நாப்பத்தி மூணும் தள்ளுபடி! எல்லாரும் கேட்டுக்கங்க! இப்ப அது ஒங்காசுடா, குடு!"

பத்திரிகைக்காரன் படபடவென்று போட்டோ எடுத்தான். தீவு மக்களின் பாரம்பரியச் சடங்கு என்று மறுநாள் பேப்பரில் வந்தது.

கார்மேகம் ஒரு திர்ஹத்தை டாக்டரம்மாவின் கையில் வைத்தான். அவர் கலீல் பாயிடம் விவரம் கேட்டார். கேட்டுவிட்டு ஆபீசரிடம் திரும்பி உள்ளங்கையை நீட்டிக் காட்டினார்.

"ஃபீஸ் வாங்கியாச்சாம்" என்றார் கலீல் பாய், சிரிப்பை அடக்கிக்கொண்டு. "இனி இவன் சங்கத்து நோயாளி இல்லையாம், அவங்க நோயாளியாம். அபுதாபியில அவங்க வேலை பாக்குற ஆஸ்பத்திரியில அவங்களே அறுத்து விடுறாங்களாம்."

மூன்று வாரம் கழித்து, கழுத்தில் பிளாஸ்திரியோடு கார்மேகம் டீக்கடைக்கு வந்தான். குரல் கம்மியிருந்தது.

"அண்ணே, படுத்துக்கிட்டு ஒண்ணு யோசிச்சேன். போணி நல்லா ஆனா என்னாகும்?"

"கூட்டம் அள்ளும்."

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டம் அள்ளுனா நல்லதாண்ணே?"

பொன்னுச்சாமியின் டீ கிளாஸ் பாதி வழியில் நின்றது.

"அப்ப... போணி கெட்டிருந்தாத்தான் அந்தச் சனத்துக்கு நல்லதா? எலே, அப்படின்னா அந்தத் தள்ளுபடி..."

"கலாஸ், எல்லாம் முடிஞ்சதுண்ணே" என்றான் கார்மேகம், ஒரு வாய் டீயைத் தடையில்லாமல் விழுங்கி. "கப்பல் போயிருச்சு."