பன்னிரண்டடிச் சிரிப்பு

"அந்தப் பையைக் கீழ வை."

அப்பா குரலை உயர்த்தவில்லை. உயர்த்தினால் பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடுமாம். உயர்த்தாமலே வீட்டில் எல்லோருக்கும் கேட்டது, அது வேறு விஷயம்.

பைக்குள் ஸ்பேனர், டெஸ்டர், இடுக்கி. ஏசி மெக்கானிக் படிப்பை முதல் மாணவியாக முடித்த கையோடு மகள் வாங்கியது. மூன்று வருஷமாகிறது. சம்பளத்துக்கென்று அந்தப் பை ஒரு நாள்கூட வாய் திறந்ததில்லை.

"மேடை ஏறப்போறவ சாக்குப்பையத் தூக்கிட்டா போவா? பாக்கறவங்க என்ன நினைப்பாங்க?"

"மெக்கானிக்னு நினைப்பாங்கப்பா."

அம்மா இஸ்திரிப் பெட்டியை அந்தரத்தில் பிடித்தபடி நின்றாள். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் வம்பு என்று அவளுக்குத் தெரியும்.

எல்லாம் அந்த விளம்பர போர்டால் வந்தது. ஆறு மாதத்துக்கு முன் இளைஞர் மேம்பாட்டுச் சங்கத்தார் அவள் படித்த பயிற்சி நிலையத்துக்கு வந்து, பழைய மாணவர் போட்டோக்களைப் புரட்டி, பல்வரிசை நன்றாக இருக்கிறதென்று இவளைப் பொறுக்கி எடுத்தார்கள். இரவல் ஹெல்மெட் ஒன்றைத் தலையில் கவிழ்த்துச் சிரிக்கச் சொன்னார்கள். மறுவாரம் பஸ் ஸ்டாப்பில், சரியாக அப்பாவின் தையல்கடைக்கு எதிரே, பன்னிரண்டடி உயரத்துக்குச் சிரித்துக்கொண்டு நின்றாள். கீழே கொட்டை எழுத்தில்: 'எனக்கு வேலை கிடைத்துவிட்டது! உங்களுக்கு?'

இளைஞர் வேலைவாய்ப்பு பற்றி உலகத்தையே விழிக்க வைக்கப் போகிறார்களாம். உலகம் விழித்ததோ இல்லையோ, தெரு விழித்துக்கொண்டது. பேன்ட் உயரம் குறைக்க வந்தவர்களெல்லாம் அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். முதல் இரண்டு பேரிடம், "சும்மா விளம்பரத்துக்கு எடுத்ததுங்க" என்றார். மூன்றாமவரிடம் சிரித்து மழுப்பினார். பத்தாமவர் வந்தபோது, "ஆமா, பெரிய கம்பெனி" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. அப்புறம் அதை எங்கே விழுங்குவது?

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. வேலைவாய்ப்பு அலுவலகப் பட்டியலில் மகள் நகர்ந்து நகர்ந்து நாலாவது இடத்துக்கு வந்திருந்தாள். குளிர்பதனக் கிடங்கு ஒன்று ஆறு மெக்கானிக் கேட்டிருந்தது. இன்று காலை பேரைப் பார்க்கப் போனால், குமாஸ்தா சிவப்புப் பேனாவால் அடித்துவைத்திருக்கிறார்.

"தினம் பஸ்ஸுல பாக்கறேனேம்மா, வேலை கிடைச்சுடுச்சுன்னு சிரிக்கறியே. அப்புறம் எதுக்கு அடுத்தவன் சோத்துல மண்ணள்ளிப் போடற?"

"சார், அது வெறும் போட்டோ சார்."

"அப்படின்னு சங்கத்துல லெட்டர் வாங்கிட்டு வா. நாளைக்குக் காலைல லிஸ்ட் கிடங்குக்குப் போயிடும்."

சங்கச் செயலாளர் தேனாகப் பேசினார். "தராம எங்கம்மா போயிடப் போறேன்? சாயங்காலம் நம்ம சங்க விழா முடியட்டும். எழுதிக் குடுத்தத மட்டும் மேடையில படிச்சுடு, லெட்டர் உன் கையில."

அதனால்தான் இந்தப் புறப்பாடு. கடைசியில் பையை அப்பாவே பிடுங்கித் தூக்கிக்கொண்டார். மகள் தோளில் தொங்கினால்தானே கௌரவக் குறைச்சல்!

மண்டபத்து ஜன்னல்கள் திறக்காத ரகம். சிறப்பு விருந்தினர் இளைஞர் சக்தியைப் பற்றி ஆரம்பித்த ஐந்தாம் நிமிஷம் ஏசி படுத்துவிட்டது. அவர் வழுக்கையைத் துடைத்துத் துடைத்துப் பேசினார். மகளின் காது மட்டும் சுவருக்கு அப்பால் இருந்தது. வெளி யூனிட் முனகியது, 'டிக்'கென்று நின்றது, மறுபடி முனகியது. மோட்டாரைக் கிளப்பிவிடும் கெப்பாசிட்டர்தான். பாக்கக்கூட வேண்டியதில்லை.

செயலாளர் மைக்கைப் பிடித்தார். "இங்க யாருக்காவது ஏசி மெக்கானிக் தெரியுமா?"

அவர் தலைக்கு மேலே அதே போர்டு, அதே ஹெல்மெட், அதே சிரிப்பு. யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. மகள் கையைத் தூக்கினாள்.

"பொறும்மா, உன்னை அப்புறம் கூப்பிடறேன்" என்றவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு ஓடினார். எங்கிருந்தோ ஒரு மெக்கானிக் வர ஒரு மணி நேரம் ஆகுமாம்.

அவளைக் கூப்பிட்டபோது சட்டைகளெல்லாம் முதுகோடு ஒட்டியிருந்தன. இரண்டாம் வரிசையில் குமாஸ்தா அழைப்பிதழால் விசிறிக்கொண்டிருந்தார். மடியில் பையோடு அப்பா. மனப்பாடமாகியிருந்த முதல் வரியை அவர் உதடுகள் அவளுக்கு முன்பே முணுமுணுத்தன.

மகள் காகிதத்தைப் பார்த்தாள். நாலாக மடித்தாள்.

"கம்ப்ரஸர் நல்லாத்தான் இருக்கு. கெப்பாசிட்டர் போயிருக்கு. பத்து நிமிஷ வேலை. இந்த வேலை எனக்குத் தெரியும்னு மூணு வருஷமா சொல்லிட்டிருக்கேன், கேக்கறதுக்குத்தான் ஆளில்ல. மேல தொங்கற போர்டு பொய். எனக்கு வேலை கிடைக்கல."

அவள் நிறுத்தியதும் முன்வரிசை படபடவென்று கைதட்டியது. அவள் பேசி முடித்ததும் தட்டவேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லிவைத்திருந்தது. குமாஸ்தா விசிறுவதை நிறுத்தியிருந்தார், அவ்வளவுதான்.

அப்பா கைதட்டவில்லை. எழுந்துவந்து, அத்தனை பேர் பார்க்க, பையை அவள் தோளில் மாட்டிவிட்டார்.

செயலாளர் படியருகே மறித்தார். "லெட்டரை மறந்துடு" என்று பல்லைக் கடித்தார். பின்னால் சிறப்பு விருந்தினர் கோட்டைக் கழற்றுவது தெரிந்ததும் குரல் குழைந்தது. "சரி... வந்தது வந்துட்ட. அந்த ஏசிய ஒரு பார்வை பாத்துட்டுப் போயேம்மா."

மகள் மேடையை அண்ணாந்து பார்த்தாள்.

"அதோ சிரிக்கறாளே, அவளக் கூப்பிடுங்க சார். அவளுக்குத்தான் வேலை கிடைச்சிருக்கு."