ஃபோர்ட் மார்ட்டன் பச்சையான கதை

டெல்மர் ஒரு பொத்தானை அழுத்தினான். ஃபோர்ட் மார்ட்டனில் செத்துப் போனவர்கள் எல்லாரும் சாகாதவர்களாகிவிட்டார்கள்.

ஓபியாய்டு போதை மருந்து அளவு மிஞ்சி எந்த ஊரில் எத்தனை பேர் சாகிறார்கள் என்பதை நாட்டு வரைபடத்தில் வண்ணமாகக் காட்டுவதுதான் தலைநகர் ஒட்டாவாவில் அவன் வேலை. சாவு ஐந்துக்குக் குறைவாக இருந்தால் எண்ணைக் காட்டக் கூடாது. செத்தவர் இன்னாரென்று தெரிந்துவிடுமாம். அந்த ஊர்களுக்குச் சாம்பல் நிறம், கட்டம் காலி. காலிக் கட்டத்தைக் கண்டால் டெல்மருக்குக் கை அரிக்கும். எல்லாவற்றிலும் பூஜ்யத்தை நிரப்பி வைத்தான். பூஜ்யத்துக்கு நிறம் பச்சை. வடகோடியில் பனிக்குள் கிடந்த ஃபோர்ட் மார்ட்டன் பச்சைப்பசேலென்று ஆனது.

மறுநாளே அமைச்சர் அந்த ஊரை வாழ்த்தினார். ஒரு நாற்காலி வாங்க ஆறு மாதம் யோசிக்கும் நிதிப்பிரிவு, சாவே இல்லாத ஊருக்கு மீட்பு வண்டி எதற்கு என்று ஒரே நாளில் யோசித்து முடித்து, அதை நிறுத்த உத்தரவும் போட்டது. மூச்சு நின்று கிடப்பவர்களின் மூக்கில் மருந்தடித்து எழுப்ப அந்த ஊருக்கு இருந்தது அந்த ஒரு வண்டிதான்.

டெல்மர் மேலாளர் மிரேயிடம் ஓடினான்.

"தப்பு என்னோடதுங்க. திரும்பச் சாம்பலாக்கிடறேன்."

"சாம்பல்னா 'தெரியாது'ன்னு அர்த்தம். தெரியாததுக்கு யாரு காசு குடுப்பாங்க? எத்தனை பேருன்னு கேட்டுட்டு வா. வெளியிட வேணாம், நிதிக்காரங்க காதுல போட்டு உத்தரவை நிறுத்திடறேன். ஆனா சாயங்காலத்துக்குள்ள வேணும்."

"உங்களுக்கே தெரியாதா?"

"அஞ்சுக்குக் கீழேன்னு மட்டும் தெரியும், அதுவும் தற்காலிகமா," என்று காபியை ஊதினாள் மிரேய். "மன்னிச்சுக்கோ."

மரண விசாரணை அலுவலகத்தைக் கூப்பிட்டான்.

"ஆய்வக முடிவு வரலைங்க. செத்தாங்களான்னே எங்க கணக்குல இன்னும் முடிவாகல. மன்னிக்கணும்."

புள்ளிவிவரக்காரர்கள் ரகசியம் என்றார்கள். அவர்களும் மன்னிப்புக் கேட்டார்கள். காலை மிதித்தவனும் மிதிபட்டவனும் மாற்றி மாற்றி மன்னிப்புக் கேட்கிற நாடு அது. அன்று டெல்மருக்குச் சேர்ந்த மன்னிப்பில் ஒரு கொலைகாரனே விடுதலையாகியிருப்பான்.

கடைசியில் அந்த வண்டியில் வேலை பார்க்கும் நர்ஸ் வெர்னாவையே கூப்பிட்டான்.

"ஓ, பச்சை அடிச்ச மகராசன் நீதானா? அமைச்சர் கேக் அனுப்பியிருக்காரு. வந்து சேர்றதுக்குள்ள கல்லாயிடுச்சு. கோடாலியால வெட்டிட்டிருக்கோம்."

"என் புத்தியைச் செருப்பால அடிக்கணுங்க. நிஜமா எத்தனை பேரு? ரகசியம்னு தெரியும், இருந்தாலும்..."

"என்ன ரகசியம்? உறைஞ்ச மண்ணை நெருப்பு மூட்டி இளக்கி, ஊரே சேர்ந்துதான் குழி வெட்டினோம். ஒட்டாவாவுக்கு மட்டும்தான்பா ரகசியம்."

டெல்மரின் பேனா காகிதத்தில் நின்றது. மறுமுனையில் கோடாலிச் சத்தமும் நின்றது.

"நாலு பேரு, கண்ணு," என்றாள் வெர்னா. "வண்டியை நிறுத்தினா பனி உருகறதுக்குள்ள அஞ்சாயிடும். அப்புறம் நீ தாராளமா காட்டலாம்."