மாட்டுப் பண்ணையில் கூடிய சைபர் வாரியம்

1.

இந்தக் கதை நான் யோசித்தது அல்ல, என் மனைவியிடமிருந்து சுட்டது. அவள் அரசின் சட்டத்துறையில் மசோதாக்களை எழுதும் வரைவாளர். எங்கள் வீட்டில் இரண்டு பேருமே எழுதித்தான் பிழைக்கிறோம். அவள் எழுதினால் மாநிலமே கட்டுப்பட வேண்டும். நான் எழுதினால் அவள்கூடப் படிப்பதில்லை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "தகவல் யுகத்தின் வாசலில் நின்ற அந்த மாநிலம்..."

வேண்டாம். எனக்கே கொட்டாவி வருகிறது.

அடுத்து: "பசுவின் கண்களில் மரண பயம் தெரிந்த அந்தக் காலையில்..."

இது வேறு கதைக்குக் கூட்டிக்கொண்டு போய்விடும். நேராகவே சொல்லிவிடுகிறேன்.

2.

இணையத் தாக்குதல்களை ஆராயவும் தடுக்கவும் அரசு ஓர் அமைப்பை உருவாக்க நினைத்தது. பெயர், சைபர் தொழில்நுட்ப ஆராய்ச்சி வாரியம். அதற்கான சட்டத்தை எழுதும் வேலை என் மனைவியின் மேசைக்கு வந்தது.

புதுச் சட்டத்தை யாரும் வெள்ளைத் தாளில் தொடங்குவதில்லை. பழைய சட்டம் ஒன்றின் எலும்புக்கூட்டை எடுத்து, அதன்மேல் புதிதாகச் சதை வைப்பார்கள். (கதை எழுதுகிறவர்களும் அப்படித்தான். என்ன, எங்களைச் சட்டசபையில் வைத்துக் கேள்வி கேட்க மாட்டார்கள்.) அவளுக்குக் கிடைத்தது கால்நடை ஆராய்ச்சி வாரியச் சட்டம். 'கால்நடை' என்று வந்த இடத்தையெல்லாம் கணினியில் தேடி 'சைபர்' ஆக்கினாள். ஒரே ஒரு பிரிவில் மட்டும் அந்தக் காலத்து ஆள் யாரோ 'விலங்கு மருத்துவர்' என்று எழுதியிருந்தார். அது தப்பித்துவிட்டது.

சட்டசபையில் உறுப்பினர்கள் மேசையைத் தட்டினார்கள். மசோதா சட்டமாயிற்று. அதன்படி, விலங்கு மருத்துவர் ஒருவர் நேரில் வந்து உட்காராமல் நடக்கும் வாரியக் கூட்டம் செல்லாது.*

* 'நேரில்' என்பதைக் கவனிக்கவும். கணினி வாரியம் கணினி வழியாகக் கூட முடியாது. இதை நானாகக் கற்பனை செய்திருந்தால் நம்பும்படி இல்லை என்று நீங்களே சொல்லியிருப்பீர்கள்.

அடுத்த கூட்டத்தொடர் வரை திருத்தவும் வழியில்லை. வாரியத்தின் இயக்குநரும் இவளும் ஒரு மாட்டு டாக்டரைப் பிடித்து உறுப்பினராக்கி, வெளியே மூச்சுவிடாமல் சமாளித்து வந்தார்கள். தலைமை வரைவாளர் நாற்காலி காலியாகப் போகிறது. அடுத்து உட்கார வேண்டியவள் இவள்தான். விஷயம் வெளியே வந்தால் அந்த நாற்காலி அவளுக்கு இல்லை.

3.

இந்த டாக்டர் பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம். நீங்கள் என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்று தெரியும். அவர் மந்தையில் பரவும் நோயைப் பற்றி ஏதோ சொல்ல, விஞ்ஞானிகள் வாயைப் பிளக்க வேண்டும். எழுதினேன். நன்றாகவே வந்தது. மனைவி படித்துப் பார்த்தாள்.

"அவர் கூட்டத்துல தூங்குவாருங்க."

எழுதியதை அடித்துவிட்டேன். ஆகவே டாக்டர் நல்ல மனிதர், பிஸ்கட் சாப்பிடுவார், தூங்குவார், எழுப்பினால் கை தூக்குவார். அவ்வளவுதான்.

4.

ஒருநாள் காலை அரசு மருத்துவமனையின் கணினிகளை எவனோ எங்கிருந்தோ பூட்டிவிட்டான். அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருந்தவர்களின் ரத்த வகைகூடத் தெரியவில்லை. வாரியத்தின் நிபுணர்கள் அங்கே கைவைக்க வேண்டுமென்றால், வாரியம் கூடித் தீர்மானம் போட வேண்டும். இயக்குநர் டாக்டருக்குப் போன் போட்டார்.

"டாக்டர், உடனே கிளம்பி வாங்க."

"முடியாது சார். பசு வயித்துல கன்னுக்குட்டி குறுக்க கிடக்கு. கை உள்ள இருக்கு."

"அப்புறம் போன்ல எப்படிப் பேசறீங்க?"

"பண்ணைக்காரர் என் காதுல வச்சுப் பிடிச்சிருக்காரு."

இயக்குநர் என் மனைவியைக் கூப்பிட்டுக் கத்தினார். அவள் சட்டத்தைப் புரட்டினாள்.

"கூட்டம் எங்க நடக்கணும்னு இதுல இல்ல சார். வண்டிய எடுக்கச் சொல்லுங்க."

வாரியம் மொத்தமும் என் மனைவியும் ஒரே வேனில் ஏறி மாட்டுப் பண்ணைக்குப் போனது. சாணியில் சறுக்கிய ஒரு விஞ்ஞானியை இன்னொருவர் பிடித்துக்கொள்ள, இருவரும் விழுந்தார்கள். இயக்குநர் தீர்மானத்தை வாசித்தார். பசு கத்தியதில் பாதி கேட்கவில்லை.

"ஆதரிக்கிறவங்க கை தூக்குங்க."

டாக்டரைத் தவிர எல்லோரும் தூக்கினார்கள்.

"இப்பக் கைய எடுத்தா கன்னு போயிடும். வாயால சொன்னா செல்லுமா?"

எல்லோரும் என் மனைவியைப் பார்த்தார்கள்.

"செல்லும்" என்றாள்.

"அப்ப, சரி."

அன்று மதியமே மருத்துவமனைக் கணினிகள் திறந்தன. கன்றும் பிழைத்தது. (அதற்குப் பெயர் வைக்கக் கை துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டேன்.)

5.

இங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் கூட்டம் என்று நடந்தால் குறிப்பு எழுத வேண்டும். சட்டத்துறையின் சார்பில் வாரியத்தில் உட்காரும் இவள்தான் எழுத வேண்டும்.

"இடம் தலைமை அலுவலகம்னு போட்டுடுங்க மேடம். உங்களுக்கும் அதுதான் நல்லது" என்றாராம் இயக்குநர்.

மாட்டுப் பண்ணை என்று எழுதினால் ஊர் சிரிக்கும், ஏன் என்று கேட்கும், நாற்காலி போகும். தலைமை அலுவலகம் என்று எழுதினால் பொய். கணினிகளைப் பூட்டியவன் என்றாவது பிடிபட்டால், அவன் வக்கீல் முதலில் இந்தப் பொய்யைத்தான் பிடிப்பார். தீர்மானம் செல்லாது, வழக்கும் நிற்காது.

முடிவு அ: அவள் உண்மையை எழுதுகிறாள், மேலிடம் மெச்சி நாற்காலியைத் தருகிறது.

முடிவு ஆ: அவள் பொய்யை எழுதுகிறாள், குற்றவாளி கடைசிவரை அகப்படுவதே இல்லை.

இரண்டையும் அவளிடம் காட்டினேன்.

"ரெண்டுமே உங்களுக்கு வசதியா இருக்கு" என்றாள். பிறகு, "நீங்களா இருந்தா என்ன எழுதுவீங்க? கதைய விட்டுட்டுச் சொல்லுங்க" என்றாள்.

பொய் எழுதியே வயிறு வளர்ப்பவன் நான். அந்த நாற்காலிக்கு அவளைவிட நான்தான் அதிகம் ஆசைப்பட்டேன். 'பொய்யே எழுதிடு' என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சொன்னால் என் பேச்சைக் கேட்டுவிடுவாளோ என்று பயந்து வாயை மூடிக்கொண்டேன்.

இப்போது அவள் குளித்துக்கொண்டிருக்கிறாள். குறிப்பு மேசைமேல் இருக்கிறது. எல்லாம் எழுதியாயிற்று, ஒரு வரியைத் தவிர. அவளுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்று நினைக்கிற நான் அதைத் தொடக் கூடாது. உங்களுக்கு அவள் யாரோ. அவள் வெளியே வருவதற்குள் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

கூட்டம் நடைபெற்ற இடம்: ........................