இரவல் போன கல்யாண டிஸ்க்

மரக்காணத்து ஆல்பர்ட்டின் மனைவி ஜான்சி, பெரிய முதலியார்சாவடிக்கு டிக்கெட் வாங்கி பஸ் ஏறினால் மரக்காணத்திலேயே இறங்குவாள். பஸ் ஒழுங்காகத்தான் போகும். மற்றவர்கள் அவரவர் ஊரில் இறங்கிக்கொள்வார்கள். இவள் மட்டும் படியிலிருந்து காலை வைத்தால் கீழே உப்பளத்து மண். தவக்காலத்தில் தொடங்கி கிறிஸ்துமஸ் வரை இப்படித்தான். கண்டக்டர்களும் பழகிவிட்டார்கள்.

காரணம் தெருவுக்கே தெரியும். தெரியாதவர்களுக்கு நாங்கள் சொல்லிவிட்டோம். ஆல்பர்ட் வீடியோ எடுக்கிறவர். ஊராரின் கல்யாணம், புதுநன்மை, வீடு மந்திரிப்பு எல்லாம் அவர் வீட்டில் டிஸ்க்காகக் குவிந்து, உப்புக் காற்றில் பளபளப்பு உரிந்துகொண்டிருந்தன. அந்த உரிசலைக் கவனித்த மனிதர் ஜான்சியைக் கவனிக்கவில்லை. அவள் பெரிய முதலியார்சாவடியில் அம்மா வீட்டுக்குப் போய், ஆரோவில்லில் ஒரு பேக்கரியில் வேலைக்கும் சேர்ந்துவிட்டாள். தனியாக உட்கார்ந்திருந்த ஆல்பர்ட், பழைய டிஸ்க்குகளைப் பட்டியல் போடும் சின்ன புரோகிராம் ஒன்றை கம்ப்யூட்டரில் ஏற்றினார். நாலு தடவை 'நெக்ஸ்ட்' அழுத்தினால் போதும். நடுவில் நிபந்தனைகள் நீளமாக ஓடின. சம்மதம் என்று அழுத்தினார். அதையெல்லாம் யார் படிக்கிறார்கள். சோதனைக்குத் தன் கல்யாண டிஸ்க்கையே போட்டார். இருப்பிடம் கேட்டது. 'மரக்காணம், பீரோ, மேல்தட்டு' என்று அடித்தார். அன்று சாயங்காலம் முழங்கை வரை மைதா மாவோடு ஜான்சி வாசலில் நின்றாள்.

"அத அழிச்சுடுங்க," என்றாள், கம்ப்யூட்டரில் தெரிந்த பதிவைக் காட்டி.

"அழிச்சா ஆளே இல்லாம பூட்டின்னா?" என்றார் அவர். அக்கறை மாதிரித்தான் சொன்னார். ஆனால் அந்த பயம் அவளுக்கும் ஒட்டிக்கொண்டது. தனியாக இருந்த நாட்களில்கூட அவள் டிலீட்டைத் தொடவில்லை. பீரோவில் இருந்த டிஸ்க்கைக் கையோடு எடுத்துப்போயும் பார்த்தாள். புரோகிராமுக்கு டிஸ்க் இன்னும் மேல்தட்டில்தான் இருந்தது. அவளும் இங்கேதான் இறங்கினாள்.

புதுவருடம் பிறந்ததும், திங்கட்கிழமைக்குள் வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவோம் என்று, அதுவரை பொறுத்துப் பார்த்த பேக்கரி சொல்லிவிட்டது. பக்கத்து வீட்டில், உப்பு வாரப் போகும் கீதாஞ்சலிதான் வழி சொன்னாள். "ஏங்க்கா, நம்ம ஊர்ல இரவல் போன கல்யாண சிடி எதனா திரும்பி வந்துருக்குதா? என்னுதே எங்க மாமியார் ஊர சுத்திகினு கீது."

புரோகிராமில் இரவலுக்கும் ஒரு கட்டம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆல்பர்ட் ஒரு ஞானஸ்நானத்தைப் படம் பிடிக்கக் கோயிலுக்குப் போனதும் ஜான்சி உட்கார்ந்தாள். வாங்கியவர் பெயரில் தன் பெயரை அடித்தாள். திருப்பித் தரும் தேதி இல்லாமல் அது விடவில்லை. அது ஏற்றுக்கொண்ட கடைசித் தேதி, 2099 டிசம்பர் முப்பத்தொன்று. டிஸ்க்கைக் கைப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள்.

பெரிய முதலியார்சாவடியில் இறங்கியபோது காலடியில் பெரிய முதலியார்சாவடியே இருந்தது. பின்னாலேயே, கழுத்தில் கேமராவோடு ஆல்பர்ட்டும் இறங்கினார். மாப்பிள்ளையும் அதே டிஸ்க்கில்தானே இருக்கிறார். இத்தனை நாள் வெளியூர் போகும் வேலை அவருக்கு இல்லாததால் அது யாருக்கும் தோன்றவில்லை.

"நீங்க எங்க வந்தீங்க?"

"நானா வரலடி. கொழந்த தலைல தண்ணி ஊத்திக்கினு இருந்தாங்க."

அவள் வேலை அவளுக்குக் கிடைத்தது. அவள் போகிற இடமெல்லாம் அவரும் போக வேண்டியிருந்ததால், தட்டு கழுவட்டும் என்று அவரையும் பேக்கரியில் வைத்துக்கொண்டார்கள். சம்பள ரிஜிஸ்டருக்காக மேனேஜர், இவர் எதுவரை இருப்பார் என்று கேட்டார். ஜான்சி மாவைப் பிசைந்தபடியே தேதியைச் சொன்னாள். தற்காலிகம் என்று அவர் எழுதிக்கொண்டார்.