சிறகுக்காரியின் மறுபக்கம்

பல்செட்டுக்காரர் வீட்டுக் கட்டிலருகே வந்து நின்ற சிறகுள்ள பெண்ணுக்கு ஒரு பக்கம்தான் இருந்தது. அறை வாசலில் நின்று பார்த்தால், ஆள் உயரத்தில் பக்கவாட்டில் திரும்பிய ஒரு பெண், விரிந்த சிறகு, காற்றில் பறக்கும் உடுப்பு, நீட்டிய கையில் இலைகளால் பின்னிய ஒரு வளையம். அவளைச் சுற்றிக்கொண்டு சுவர்ப்பக்கம் போனால் அவளுக்கு இன்னொரு கன்னம் கிடையாது. அங்கே கதவகலத்துக்கு ஒரு தாடிக்கார ராஜாவின் முகம், அதுவும் பக்கவாட்டில், வேறு திசையைப் பார்த்துக்கொண்டிருந்தது. நேர் எதிரே நின்றால் இரண்டு பேருமே இல்லை, தகட்டின் விளிம்பு போல ஒரு கோடு மட்டும். நிறம் பழைய வெள்ளி. மின்விசிறி ஓடினாலும் நின்றாலும் அந்த உடுப்பு ஒரே மாதிரி படபடத்தது, சத்தமில்லாமல். அரிசிமணி போன்ற புள்ளிகள் அவளைச் சுற்றி வட்டமாக அந்தரத்தில் நின்றன. பராக்குப் பார்த்து நடந்தவர்களின் தோளில் அவை இடித்தன.

அவள் வந்த வகை இதுதான். பல்செட்டுக்காரரின் மைத்துனன் பள்ளம் தோண்டும் வண்டி ஓட்டுகிறவன். சாக்கடைக் குழாய் பதிக்கத் தோண்டிய இடத்தில் வண்டியின் பல் ஒரு பானையை உடைத்தது. உள்ளே பழங்காலத்துக் காசுகள். சிறகுள்ள குதிரை, சிறகுள்ள சிங்கம், இடுப்போடு நின்றுபோன ஒரு சிறகுப் பன்றி, இப்படி ஒவ்வொன்றிலும் ஒரு பறக்கிற பிறவி. அதிகாரிகள் வந்து எல்லாவற்றையும் அருங்காட்சியகத்துக்கு அள்ளிக்கொண்டு போனார்கள். அங்கே குதிரை இருந்த கண்ணாடிப் பெட்டியின் உட்புறம் மட்டும் தினமும் மூச்சு பட்ட மாதிரி பனி பூப்பதாகவும், துடைப்பதற்கு ஒரு ஆளைப் போட்டிருப்பதாகவும் பிறகு தெரிந்தது. மைத்துனனின் பூட்ஸ் சேற்றில் ஒட்டிக்கொண்டு ஒரு காசு வீட்டுக்கு வந்துவிட்டது. படுத்த படுக்கையாக இருக்கும் தன் அக்காவுக்கு, அதாவது பல்செட்டுக்காரரின் மனைவிக்கு, வேடிக்கை காட்டலாம் என்று அவன் அதை எடுத்துவந்தான். பச்சைக் களிம்பு ஏறிக் கிடந்ததை, தான் செய்து கொடுக்கும் பல்செட்டுகளை மெருகேற்றும் சின்னத் தூரிகையால் பல்செட்டுக்காரர் பொறுமையாகத் தேய்த்தார். முதலில் சிறகு வந்தது, பிறகு கை, பிறகு வளையம். கழுவி சன்னலில் வைத்துவிட்டுக் கை துடைத்துத் திரும்பினால், காசு இரண்டு பக்கமும் வெறும் தகடாக இருந்தது. உள் அறையிலிருந்து மைத்துனன், “மாமா, இங்க யாரோ நிக்கறாங்க” என்றான், விருந்தாளி வந்ததைச் சொல்கிற குரலில்.

கட்டிலில் இருந்தவளைத் தெருவே விசில் என்றுதான் அழைக்கும். பேருந்து கண்டக்டர். அவள் விசில் ஊதினால் அடுத்த தெருவில் நிற்கிற வண்டியும் கிளம்பிவிடும் என்பார்கள். நிறுத்தத்தில் ஒரு விசில் கொடுத்துவிட்டு, கிளம்புவதற்கான இரட்டை விசிலைக் கொடுக்காமல் ஒரு நாள் அப்படியே சரிந்தாள். ஓட்டுநர் வெகு நேரம் காத்திருந்தார், பிறகுதான் திரும்பிப் பார்த்தார். வலக்கை, வலக்கால், வலக்கன்னம் எல்லாம் தொங்கிப்போயின. பேச்சும் போயிற்று. தினமும் பல்செட்டுக்காரர் வலப்பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்து கஞ்சி ஊட்டுவார், வாயோரம் வழிவதைத் துடைப்பார், ஆஸ்பத்திரிக்காரர்கள் எவ்வளவு கேவலமாக அச்செடுத்து அனுப்புகிறார்கள் என்று குறைபட்டுக்கொள்வார். ஊருக்கெல்லாம் வாய் செய்து கொடுக்கிறவர் வீட்டில் பேச வாயில்லை என்று தெருவில் சொன்னார்கள். அவர் காதிலும் விழுந்தது. உண்மைதானே என்று விட்டுவிட்டார். கல்யாண நாளிலிருந்து அவள் பேசி அவர் கேட்ட வீடு அது. இப்போது அவர் பேசவேண்டியிருந்தது, அதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது.

அருங்காட்சியகத்திலிருந்து ஒரு அதிகாரி வந்து சிறகுக்காரியை இரண்டு பக்கமும் பார்த்தார். இவள் வெற்றியின் தேவதை, ஜெயித்தவர் தலையில் வளையம் சூட்டுவாள், பழங்காலத்துக் காசுகளில் சகஜம் என்றார். இந்த வீட்டில் யார் எதை ஜெயித்தது என்று கேட்டார். நிற்கிற பொருளை எடுத்துவைக்கத் தங்களிடம் இடமில்லை என்று சொல்லிவிட்டு, வெறும் தகட்டை மட்டும் வாங்கிக்கொண்டு போனார். பல்செட்டுக்காரரின் அக்காவுக்கு அந்த விளக்கம் பிடிக்கவில்லை. புருஷன் போனபிறகு தம்பி வீட்டோடு வந்து தங்கியவர் அவர், வாய் கொஞ்சம் நீளம். “நோயாளி தலைமாட்டுல மாலையோட வந்து நிக்கறவ எதுக்கு நிப்பா? இதுக்கு ஆபீசர் வேற வந்து சொல்லணுமா?” என்றார். சிறகுக்காரியைப் போர்வை போட்டு மூடிப் பார்த்தார்கள். போர்வை ராஜாவின் பக்கமாக நழுவி விழுந்தது, எடுத்தபோது நனைந்த இரும்பு மாதிரி வாடை அடித்தது. கட்டிலை முன்னறைக்கு மாற்றினார்கள். சாமான் இறக்கி நிமிர்வதற்குள் அவள் தலைமாட்டில் நின்றாள், புள்ளிகளோடு.

நீட்டிய வளையத்துக்கும் மனைவியின் தலைக்கும் முதலில் ஒரு முழம் இடைவெளி இருந்தது. ஒரு மழைக்காலம் கழித்துப் பல்செட்டுக்காரர் கவனித்தபோது அது ஒரு சாணாகியிருந்தது. அவர் யாரிடமும் சொல்லவில்லை. வேலைக்குப் போகுமுன் தன் கையை வைத்துப் பார்ப்பார், வந்ததும் பார்ப்பார். ஒட்டடை மாதிரி மெதுவாக, ஆனால் நிச்சயமாக இடைவெளி குறைந்தது. நாலு விரல் என்று ஆன அன்று, பல்லை அறுக்கிற சக்கரத்தைக் கொண்டுவந்து சிறகுக்காரியின் மணிக்கட்டில் வைத்தார். பொறி பறந்தது. சக்கரம்தான் தேய்ந்தது. பக்கத்து அறையில் காயவைத்திருந்த பல்செட் அச்சுகள் எல்லாம் ஒரே சமயத்தில் விரிசல் விட்டன. அவர் சுவர்ப்பக்கம் போய்ப் பார்த்தார். அதுவரை நேராகப் பார்த்துக்கொண்டிருந்த ராஜாவின் கண், இப்போது ஓரமாகத் திரும்பி அவரைப் பார்த்தது.

“வேணாம்,” என்றாள் மனைவி. விழுந்தபிறகு அவர் காதில் விழ அவள் சொன்ன முதல் வார்த்தை அதுதான். அவர் சக்கரத்தைக் கீழே வைத்தார்.

“அவ உன்கிட்ட வர்றாடி. தினமும் பாக்கறேன். கிட்ட கிட்ட வர்றா.”

அவள் தலையை ஆட்டினாள். ஒவ்வொரு சொல்லையும் கிணற்றிலிருந்து இறைப்பது போல எடுத்தாள். “அவ… வரல. நான்… எந்திரிக்கறேன்.”

அவருக்குப் புரியவில்லை. வாசலில் நின்ற அக்காதான் வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு விளக்கினார். “நீ வேலைக்குப் போனதும் இவ இடது கையை ஊனி ஊனி எழும்புவா. அந்த வளையத்த எட்டணுமாம். வேணாம்னு சொன்னேன், கேட்டாளா? விழுந்து வெச்சா யாரு தூக்கறதுன்னு முதுகுக்குத் தலையணை குடுத்தேன். அப்புறம் ரெண்டு தலையணை. அப்புறம் நானே முட்டுக் குடுத்தேன். பேச்சும் அப்பிடித்தான் வந்துச்சு, திட்டித் திட்டி.”

“எங்கிட்ட ஏன்க்கா சொல்லல?”

“சொன்னா நீ விடுவியா?”

விட்டிருக்கமாட்டார். அது அவருக்கே தெரிந்தது. மீதியிருந்த நாலு விரலும் கட்டிலில் உட்கார்ந்தபடி எட்டுகிற தூரமில்லை, அதற்குக் கால் ஊன்றி நிற்கவேண்டும். அதற்கு அக்காவின் தெம்பு போதாது. மனைவி இடக்கையை அவர் பக்கம் நீட்டினாள். அவர் பிடிக்கவில்லை. சன்னலுக்கு வெளியே யாரோ துணி உதறுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பேருந்துகள் போய்க்கொண்டிருந்தன.

“அது தலையில பட்டதும் நீ போயிட்டா?” என்றார்.

“போனா… நின்னுக்கிட்டுப் போறேங்க.”

அவர் வலப்பக்கம் அணைத்துக்கொண்டார், அக்கா இடப்பக்கம். நல்ல வெயில் நேரத்தில் மூன்று பேருமாக எழுந்தார்கள். அவளுடைய நெஞ்சு அடித்துக்கொள்வது அவருடைய விலாவில் கேட்டது. வளையம் நெற்றியில் பட்டபோது அவர் கண்ணை மூடிக்கொண்டார். உடுப்பின் படபடப்பு நின்றது. புள்ளிகள் ஒவ்வொன்றாக உள்வாங்கி மறைந்தன, மழை விடுகிற மாதிரி. கண்ணைத் திறந்தபோது தலைமாட்டில் யாரும் இல்லை. அவருடைய கைகள் வெறும் காற்றை அணைத்துக்கொண்டிருந்தன. மனைவி ஓரடி தள்ளித் தானாக நின்று, “அண்ணி, என் செருப்பு எங்க?” என்று திக்காமல் கேட்டாள். அவருக்கு அழுகை வந்தது. பழக்கதோஷத்தில் அவள் வாயோரம் துடைக்க வலப்பக்கம் வந்தார். அங்கே அவள் இல்லை. தாடிக்கார ராஜா இருந்தார்.

அதற்குப் பிறகு விசிலுக்கு இடப்பக்கம் மட்டும்தான். எதிரே நின்றாலும் அவள் சன்னல் பக்கம் திரும்பியிருப்பது போலத்தான் தெரிந்தது. டாக்டர்கள் இடப்பக்கத்தைத் தட்டிப் பார்த்துப் பூரண குணம் என்றார்கள். பணிமனையில் வேலை திரும்பக் கிடைத்தது. வலக்கையை யாரும் பார்த்ததில்லை என்றாலும் அது டிக்கெட் கிழிக்கிற சத்தம் கேட்டது. பேருந்தின் ஒரு பக்கத்துப் பயணிகள் அவளோடு வம்பளந்துகொண்டு வந்தார்கள், மறுபக்கத்துப் பயணிகள் ராஜாவின் கண்ணைப் பார்க்காமல் குனிந்தபடி வந்தார்கள். அந்தப் பக்கத்தில் டிக்கெட் எடுக்காதவர் ஒருவர்கூட இல்லை என்று பணிமனை திருப்தியாக இருந்தது. வீட்டில் பழையபடி அவள் பேச, அவர் கேட்டார். தம்பி மனைவியோடு சண்டை வந்தால் அக்கா எழுந்து வலப்பக்கம் போய் நின்று மிச்சத்தையும் சொல்லித் தீர்ப்பார். ராஜா எதிர்த்துப் பேசுகிறவரில்லை. அந்த முகத்தோடு எப்படிக் குடித்தனம் நடத்துகிறீர்கள் என்று கேட்டவர்களிடம் பல்செட்டுக்காரர், “வீட்டுக்கு வீடு வாசப்படி” என்பார். ஆனால் அவள் அசந்து தூங்கும் மதியங்களில் அவர் நாற்காலியை எடுத்துக்கொண்டு வலப்பக்கம் போவதை அக்கா பார்த்திருக்கிறார். முன்பு அவளுடைய அந்தப் பக்கத்துக் கன்னத்தில் ஒரு மச்சம் இருந்தது. அது இருந்திருக்கவேண்டிய இடத்தை, ராஜாவின் தாடி தொடங்குமிடத்தை, அவர் கட்டைவிரலால் தடவிக்கொண்டு ஆஸ்பத்திரிக்காரர்களைப் பற்றிக் குறைபட்டுக்கொண்டிருப்பார். முதலில் கை உறைகிற குளிர். ஒரு வருஷத்தில் அது பழகிவிட்டது.

வருஷங்கள் போயின. விசிலுக்கு நரைத்தது, பணியிலிருந்து ஓய்வும் பெற்றாள். அவளுடைய இடக்கன்னத்தில் சுருக்கம் கூடக் கூட, வலப்பக்கத்தில் ராஜா மழுங்கிக்கொண்டே வந்தார். தாடி போயிற்று, உதடு போயிற்று, மூக்கு ஒரு மேடாக மிஞ்சியது. ஓரமாகத் திரும்பிய அந்தக் கண்கூட, பல கை மாறிய காசில் போல, இருக்கிறதா இல்லையா என்று ஆகிவிட்டது. கன்னம் மட்டும் கண்ணாடியாகப் பளபளத்தது.

“என்னடா, தேச்சே ஆளைக் கரைச்சிட்டியே,” என்றார் அக்கா.

“இன்னும் காது இருக்குக்கா,” என்று சொல்லிவிட்டு அவர் நாற்காலியைக் காதுக்கு நேராகக் கொஞ்சம் பின்னால் நகர்த்திப் போட்டுக்கொண்டார்.