கண்டல் வேலி

1

இந்தக் கதை என்னுடையதல்ல. மன்னாரிலிருந்து வவுனியா போகும் பஸ்ஸில் பக்கத்தில் இருந்த சுவேதினி என்ற பெண் சொன்னது. மனம் பொறுக்காமல்தான் சொன்னாள். நானோ வெட்கமில்லாமல் மனத்துக்குள் எழுதிக்கொண்டே வந்தேன். எழுத்தாளர்களுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் இதையெல்லாம் யோசிக்க வேண்டும்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'மாலைச் சூரியன் மன்னார்க் கடலில் குங்குமமாய்க் கரைந்துகொண்டிருந்த அந்த...'

வேண்டாம். சூரியனுக்கு இந்தக் கதையில் வேலை இல்லை. கழுதைகளுக்குத்தான் இருக்கிறது.

2

அருளம்மா, சுவேதினியின் பெரியம்மா. மன்னார்த் தீவின் கரையோரக் கிராமமொன்றில் மாதர் சங்கத் தலைவி. போர் முடிந்து அகதி முகாமிலிருந்து திரும்பி வந்த புதிதில், அடுப்பெரிக்க வேறு வழியில்லாமல் களப்போரத்து உப்புச் சேற்றில் வளரும் கண்டல் மரங்களை ஊரே வெட்டியது. அவரும் வெட்டினார். மரங்கள் போனதும் அவற்றின் வேர்களுக்குள் வாழ்ந்த நண்டும் போனது. நண்டு பிடித்துப் பிழைத்த பெண்கள் வெறுங்கையோடு நின்றார்கள். அதனால்தான் சங்கம் கண்டல் நடத் தொடங்கியது. கொழும்பு நிறுவனமொன்று வேலிக்கும், காவல் நின்ற அம்புறோசுக்கும் பணம் தந்தது. ஊரில் கட்டாக்காலியாகத் திரியும் கழுதைகள் உள்ளே வந்தால் ஒரே பகலில் நட்ட கன்றுகளை மேய்ந்துவிடும். கன்றுகள் ஆளுயரம் வரும்வரை காவல் வேண்டும்.

(கட்டுரை மாதிரி இருக்கிறது, தெரியும். பொறுத்துக்கொள்ளுங்கள்.)

3

உதவியைத் தொடர்வதா நிறுத்துவதா என்று பார்க்க நிறுவனத்தார் வந்தார்கள். வீட்டுக்கு ஆட்கள் வந்தால் செய்வதையே பெண்கள் செய்தார்கள். வருகிறவர்கள் இருக்கக் கோயிலில் கதிரைகள் இரவல் வாங்கினார்கள். செத்த கன்றுகளைப் பிடுங்கிவிட்டுப் புதியவற்றை ஊன்றினார்கள். பிய்ந்த வேலியைப் பழைய வலையால் மறைத்தார்கள். நண்டுக்கறி வைத்தார்கள். களப்பில் ஏது நண்டு? சந்தையில் வாங்கியது.

இன்னும் என்ன தேவை என்று வந்தவர்களில் ஒருவர் கேட்டார். சுவேதினி வாய் திறக்குமுன் அருளம்மா முந்திக்கொண்டார்.

"ஒரு குறையும் இல்லை தம்பி. மாதா புண்ணியத்தில எல்லாம் நல்லா நடக்குது. நீங்கள் வடிவாச் சாப்பிடுங்கோ."

4

இந்த இடத்தில் எனக்கு அருளம்மாவில் சந்தேகம் வந்தது. சங்கத்தை நடத்துகிற பெண் இவ்வளவு வெகுளியாக... இல்லை, வெகுளி என்ற சொல் சரியில்லை. சுவேதினியும் அன்று பின்னேரமே அவரோடு சண்டை பிடித்தாளாம். பதில் இது:

"முகாமில காணுமட்டும் கை நீட்டியாச்சு. என்ர முற்றத்தில இருந்து சாப்பிடுற ஆக்களிட்டையும் நீட்டுறதோ, பிள்ளை?"

அதற்குமேல் அவரைத் திருத்தி எழுத எனக்கு மனம் வரவில்லை.

சில வாரங்களில் நிறுவனம் தொலைபேசியில் வாழ்த்துச் சொன்னது. சங்கம் சொந்தக் காலில் நிற்கிறதாம். நண்டுகூடத் திரும்பிவிட்டதாம். ஆகவே பணம் இனி வேறோர் ஊருக்குப் போகிறதாம். அருளம்மா நன்றி சொல்லிவிட்டு, குசினிக்குள் போய் அடுப்படியில் இருந்து அழுதார்.

5

முடிவுகள்.

அ) நிறுவனம் தன் தவறை உணர்ந்து... (நடக்கிற காரியத்தை எழுது.)

ஆ) பணம் இல்லாவிட்டாலும் பெண்கள் முறைவைத்துக் காவல் நின்று காட்டை வளர்த்தார்கள். அழகான முடிவு, கண் கலங்கும். ஆனால் நிறுவனம் நினைத்ததும் இதைத்தானே? அவர்கள் எப்படியும் சமாளித்துக்கொள்வார்கள் என்று. அதே பொய்யை நல்ல தமிழில் நானும் எழுத வேண்டுமா? வெட்டிவிட்டேன்.

6

அம்புறோஸ் கூலியில்லாமல் கொஞ்சநாள் வந்தார். பிறகு மேசன் வேலைக்குப் போய்விட்டார், அவருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். சங்கத்துப் பெண்கள் ஒவ்வொருவராகக் கூலி வேலைக்குப் போனார்கள். சுவேதினி பஸ் ஏறியதும் வேலை தேடித்தான். பெரியம்மா வழியனுப்பக்கூட வரவில்லையாம். சோளகக் காற்றில் வேலி பிய்ந்திருந்தது. பிய்ந்த இடத்தில், சேற்றுக்குள், அருளம்மா நின்றுகொண்டிருந்தாராம். அந்தப் பக்கம் கழுதைகள்.

இங்கே முற்றுப்புள்ளி வைத்தால் கதை முடிந்துவிடும். முடிந்தால் அவர் வீட்டுக்குப் போக வேண்டும். அங்கே காய்ச்சலில் கிடக்கும் கணவருக்குக் கஞ்சி வைக்க வேறு ஆளில்லை. அருளம்மா வேலியை விட்டுப் போனபின் என்ன நடக்கும் என்பது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். அந்த வசனத்தை எழுத என்னால் முடியவில்லை. அவரை எப்போது அனுப்புவது என்பதை நீங்களே தீர்மானியுங்கள். அதுவரை அருளம்மா அந்த இடைவெளியில், இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு