கீழறைக்குத் தகுந்த முட்டி

மூட்டு வலியைக் கண்ணால் பார்க்க முடியாது. காதால் கேட்கத்தான் முடியும். அந்த வீட்டில் அது இரண்டு விதமாகக் கேட்டது.

ஒன்று டிரைவருடையது. வேலைக்காலம் முழுவதும் பஸ் ஓட்டியவர். மாடிப்படியில் கால் வைப்பதற்கு முன்பே ஒரு முனகல், நடுப்படியில் நீளமாக ஓர் 'அம்மாடி', மேலே போய்ச் சேர்ந்ததும் பிரேக்கிலிருந்து காற்று இறங்குவதுபோல ஒரு பெருமூச்சு. அவர் ஏறுகிறாரா இறங்குகிறாரா என்று பக்கத்து வீட்டில் இருப்பவர்களே சொல்லிவிடுவார்கள்.

மற்றது அவருடைய சம்பந்தியான மாஸ்டருடையது. பள்ளிக்கூடத்தில் டிரில் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். அவர் முனக மாட்டார். படியின் நடுவில் நின்றுவிடுவார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, முதுகை நேராக்கி, தூரத்தில் எதையோ பார்ப்பார். யாராவது கவனித்து என்னவென்று கேட்கிற வரைக்கும் அப்படியே நிற்பார். கேட்டதும், "ஒண்ணுமில்ல" என்பார். ஒரு போர்க்களத்திலிருந்து திரும்பியவன்கூட அந்த வார்த்தையை அவ்வளவு களைப்போடு சொல்லியிருக்க மாட்டான்.

இருவருமே மனைவியை இழந்தவர்கள். டிரைவரின் மகளும் மாஸ்டரின் மகனும் குடித்தனம் நடத்தும் வீட்டுக்கு ஏறக்குறைய ஒரே சமயத்தில் பெட்டியோடு வந்து சேர்ந்தார்கள். வீட்டில் கீழே ஓர் அறை; மேலே இரண்டு, அதில் ஒன்று தம்பதிக்கு. ஆக, பெரியவர்களில் ஒருவர் கீழே, இன்னொருவர் மேலே. சண்டை வந்திருந்தால் ஒரே நாளில் தீர்ந்திருக்கும். வந்தது மரியாதை.

பெண்ணைக் கொடுத்தவரை மாடி ஏறவிட்டால் நாலு பேர் என்ன பேசுவார்கள் என்றார் மாஸ்டர். பையனைப் பெற்றவரை மேலே அனுப்பிவிட்டுத் தான் கீழே காலை நீட்டிக்கொண்டு படுப்பதா என்றார் டிரைவர். நீங்களே இருங்கள், இல்லை நீங்களே இருங்கள் என்று இரண்டு பேரும் விட்டுக்கொடுத்ததில் கீழறை சில நாட்கள் காலியாகக் கிடந்தது. இரண்டு பேரும் மாடியில் ஒரே அறையில் நெருக்கியடித்துக்கொண்டு, நாளெல்லாம் ஏறி இறங்கினார்கள். கடைசியில் வாரத்துக்கு ஒருவர் என்று முடிவானது. வாரம் தவறாமல் மெத்தைகள் ஏறின, மெத்தைகள் இறங்கின, கூடவே முனகலும் மௌன நிற்பும்.

மகளுக்கு ஸ்கேன் சென்டரில் வேலை. எலும்புக்கும் மூட்டுக்கும் எக்ஸ்ரே எடுப்பவள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நின்றுகொண்டு, "அசையாதீங்க", "அப்படியே இருங்க", "அவ்வளவுதான், இறங்கலாம்" என்று நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லி, வீடு திரும்பும்போது அவளுக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான்: கூடத்து நாற்காலியில் உட்கார வேண்டும், சுற்றிலும் எந்தச் சத்தமும் இருக்கக் கூடாது. அவளுடைய கணவன் எப்போதும் புத்தகம் படித்துக்கொண்டிருப்பவன், பேசாதவன். அவனைக் கட்டிக்கொண்டதற்கு அதுவும் ஒரு காரணம். பெரியவர்கள் வந்த பிறகு அந்த நாற்காலி படிக்கட்டுக் கச்சேரியின் முதல் வரிசை ஆகிவிட்டது. போதாக்குறைக்கு ஒவ்வொரு முனகலுக்கும் தீர்ப்புக் கேட்பதுபோல இருவரும் அவள் முகத்தையே பார்ப்பார்கள். அப்பாவுக்குப் பரிந்தால் மருமகள் ஓரவஞ்சனை செய்கிறாள் என்றாகும். மாமாவுக்குப் பரிந்தால் பெற்ற மகளே கைவிட்டாள் என்றாகும்.

அதனால் ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில், தீர்ப்பை மிஷினிடம் விட்டுவிடலாம் என்றாள். இருவரும் வந்து முட்டிப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். எலும்பு டாக்டர் பார்த்துச் சொல்லட்டும். யாருடைய முட்டி மோசமோ அவருக்குக் கீழறை, நிரந்தரமாக. இருவரும் சந்தேகப்படும்படியான வேகத்தில் ஒத்துக்கொண்டார்கள்.

பொதுவாக எக்ஸ்ரே எடுக்க வருகிறவர்கள், ஒன்றும் இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டு வருவார்கள். இந்த இருவரும் நிறைய இருக்க வேண்டுமே என்று கவலையோடு வந்தார்கள். டிரைவர் காலையிலிருந்தே நொண்டிக்கொண்டிருந்தார். வண்டியிலிருந்து இறங்கியபோது எந்தக் கால் என்று அவர் ஒரு கணம் யோசித்ததை மகள் கவனித்தாள்; அவருடைய வலி இடது முட்டியில். காலமெல்லாம் கிளட்சை மிதித்த கால்.

முதலில் மாஸ்டர். அந்த சென்டரில் முட்டிப் படம் என்றால் நிற்க வைத்துத்தான் எடுப்பார்கள். பலகைக்கு முன்னால் நிற்கச் சொன்னதும் மாஸ்டருக்கு மைதானம் ஞாபகம் வந்துவிட்டது. நெஞ்சை நிமிர்த்தி, குதிகாலைச் சேர்த்து, பார்வையை நேராக்கினார். சல்யூட் மட்டும் வேண்டாம் மாமா என்று அவள் சொல்ல வேண்டியிருந்தது. படம் எடுத்து முடித்ததும் இடப்புறமாகத் திரும்பி, கை வீசி வெளியே நடந்தார்.

வெளியே பெஞ்சில் இருந்த டிரைவர் அந்த நடையைப் பார்த்தார். நிமிர்ந்து நிற்கிறவனுக்கு எந்த டாக்டர் கீழறை கொடுப்பார் என்று அவருக்குள் ஒரு கணக்கு ஓடியிருக்க வேண்டும். அறைக்குள் வந்தவர், தன்னால் நிற்கவே முடியாது என்று சொல்லிவிட்டார். நிற்பது என்ற வார்த்தையைக் கேட்டாலே முட்டியில் ஊசி ஏறுகிறதாம். வேறு யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் அவள் விட்டிருக்க மாட்டாள். அவளிடம் நிற்க மறுத்தவர்கள் எல்லாரும் கடைசியில் நின்றிருக்கிறார்கள். ஆனால் இவர் அப்பா. அவள் தோளைப் பிடித்துக்கொண்டு தொங்கினார். சரி என்று மேசையில் படுக்க வைத்து எடுத்தாள். படுக்க வைத்து எடுத்தால் படத்தில் அதற்கென்று ஒரு குறி வைக்க வேண்டும். அவர் முனகிய முனகலில் அவள் அதை மறந்துபோனாள்.

எலும்பு டாக்டர் அதிகம் பேசாத பெண்மணி. ஆளைப் பார்க்காமல் படத்தைத்தான் பார்ப்பார். திரையில் இரண்டு படங்களும் பக்கத்தில் பக்கத்தில் வந்தன. மாஸ்டரின் முட்டியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். உள்பக்கம் இடைவெளியே இல்லை, எலும்போடு எலும்பு உரசுகிறது, இவ்வளவு நாள் எப்படி நடந்தீர்கள் என்று கேட்டார். மாஸ்டர் அடக்கமாகத் தலைகுனிந்தார், பரிசு வாங்கப் போகிறவரைப்போல.

அடுத்த படத்துக்கு வந்ததும் டாக்டர் முகம் மலர்ந்துவிட்டது.

"இதுக்கு ஒண்ணுமில்ல. நல்லா கண்டிஷனா இருக்கு. இன்னும் இருபது வருஷம் ஓடும்."

"எது ஓடும்?" என்றார் டிரைவர்.

"உங்க முட்டிதான்."

வண்டி கண்டிஷனாக இருக்கிறது என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்று ஆயுள் முழுக்க ஏங்கியவர் அவர். யாரும் சொன்னதில்லை. இன்று சொல்லிவிட்டார்கள்.

அன்றைக்கே மாஸ்டரின் மெத்தை கீழறையில் நிரந்தரமாக விரிக்கப்பட்டது. சம்பந்தியின் முட்டி நன்றாக இருப்பதில் தனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று அவர் சாப்பிடும்போது ஒரு தடவையும் சாப்பிட்ட பிறகு ஒரு தடவையும் சொன்னார்.  டிரைவர் தன் மெத்தையைத் தானே சுருட்டி மேலே கொண்டுபோனார். முனகவில்லை.

மறுநாளும் முனகவில்லை. இவ்வளவு நாளும் நடித்தார் என்று படமே சொன்ன பிறகு ஒரு மனிதர் எப்படி முனகுவார்? வீடு அமைதியானது. அவள் எதற்காக ஏங்கினாளோ அது, கேட்டபடியே, கூடத்து நாற்காலியைச் சுற்றி வந்து உட்கார்ந்துகொண்டது. முதல் மாலை அவளுக்கு அமிர்தமாக இருந்தது.

இரண்டாவது மாலைதான் அந்த அமைதியைக் காது கொடுத்துக் கேட்டாள். அப்பா படியேறிக்கொண்டிருந்தார். வலது கால் ஒரு படி மேலே போகும். பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் இருக்காது. பிறகு இடது கால் மெல்ல வந்து அதே படியில் சேரும். மறுபடி வலது கால். நொண்டிக் காட்டிய நாட்களில் எந்தக் கால் வாட்டமாக இருந்ததோ அதை வைத்து ஏறியவர், இப்போது யாருக்கும் காட்டாமல் ஏறும்போது, நிஜமாக மூட்டுத் தேய்ந்தவர்கள் ஏறுகிற மாதிரியே ஏறினார். அவள் தினம் தினம் பார்க்கிற ஏற்றம் அது.

அப்போதுதான் அவளுக்கு மேசை ஞாபகம் வந்தது.

படுத்திருக்கும்போது உடம்பின் கனம் முட்டியில் இறங்காது. எலும்புகளுக்கு நடுவே இடைவெளி இருப்பதுபோலவே படம் காட்டும். நின்றால்தான் குட்டு வெளிப்படும். மறுநாள் வேலைக்குப் போனதும் முதல் காரியமாக அந்தப் படத்தை எடுத்துப் பார்த்தாள். குறி இல்லை. நின்று எடுத்த படம் என்று நினைத்துத்தான் டாக்டர் படித்திருக்கிறார்.

வீட்டில் சொல்வதா வேண்டாமா என்று அன்று முழுவதும் அவளுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. சொன்னால், தன் அப்பாவுக்காகத் தீர்ப்பைக் கிளறுகிறாள் என்றாகும். அதுகூடப் பரவாயில்லை. சொன்னால் முனகல் திரும்பி வந்துவிடும். ஒரு தப்பான படம் கொடுத்த அமைதியில் எத்தனை நாள் உட்கார்ந்திருக்கலாம் என்று அவள் நிஜமாகவே யோசித்துப் பார்த்தாள். வெகு நாள் உட்காரலாம் என்றுதான் தோன்றியது. அது அவளுக்குப் பிடிக்கவில்லை. மாலையில் கணவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் பக்கத்தைப் புரட்டிவிட்டு, "படம் தப்புன்னா திரும்ப எடுத்துடு" என்றான். அந்த மாதத்தில் அவன் பேசியதிலேயே நீளமான வாக்கியம் அது.

சாப்பாட்டு மேசையில் இருவரையும் வைத்துக்கொண்டு சொன்னாள். அப்பாவுக்குப் புரியும்படி, ஆளே ஏறாத பஸ்ஸின் ஸ்பிரிங்கைப் பார்த்துவிட்டு வண்டி நன்றாக இருக்கிறது என்று சர்ட்டிபிகேட் கொடுத்த மாதிரி என்று விளக்கினாள். டிரைவருக்கு உடனே விளங்கிவிட்டது. முகத்தில் வெளிச்சம் வந்தது. வந்த வேகத்தில் போய்விட்டது.

"நின்னு எடுத்தா..." என்று இழுத்தார். "என்னால நிக்க முடியும்னு ஆயிடுமே."

"ஆகும்ப்பா."

மாஸ்டர் தட்டின் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். கீழறை அவருடையது. அவர் வாயைத் திறக்காமலே இருந்திருக்கலாம். யாரும் தப்புச் சொல்லியிருக்க முடியாது. தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஒருத்தன் நின்னு ஓடுறான், ஒருத்தன் படுத்துக்கிட்டு ஓடுறான்னா, அது என்னம்மா பந்தயம்? சம்பந்திய நிக்க வை. அவரால நிக்க முடியாதுல்ல, நான் பக்கத்துல நின்னு பிடிச்சுக்கறேன்."

டிரைவர் அவரை நிமிர்ந்து பார்த்தார். மாஸ்டர் மோரை ஊற்றிக்கொண்டார்.

எக்ஸ்ரே அறைக்குள் துணைக்கு நிற்பவருக்கு ஈயம் வைத்த கனமான அங்கி மாட்ட வேண்டும். மாஸ்டர் அதை மாட்டிக்கொண்டு, தாங்க முடியாதவரைத் தாங்குகிறவரின் கம்பீரத்தோடு கையை நீட்டினார். டிரைவர் அந்தக் கையை ஒரே ஒரு விரலால் தொட்டுக்கொண்டு, பலகைக்கு முன்னால் மரம்போல நின்றார். அங்கியின் கனத்தில் மாஸ்டருக்குத்தான் முட்டி நடுங்க ஆரம்பித்தது. கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பார்த்தால் யார் யாரைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்றே தெரியவில்லை. அசையாதீர்கள் என்றாள். இருவரும் அசையவில்லை. மூச்சுக்கூட விடவில்லை; முட்டிப் படத்துக்கு மூச்சை அடக்க வேண்டிய தேவையே இல்லை.

குறியில்லாத படத்தைக் காட்டியதற்கு டாக்டர் அவளைக் கடிந்துகொண்டார். பிறகு மாஸ்டரின் படத்தையும் டிரைவரின் புதிய படத்தையும் பார்த்தார். மாற்றி வைத்துப் பார்த்தார். எழுதியிருப்பதைப் படிக்காமல் எது யாருடையது என்று தன்னால் சொல்ல முடியாது என்றார். அதே உள்பக்கம், அதே தேய்மானம்.

"யாருக்கு மோசம்?" என்று சம்பந்திகள் ஒரே குரலில் கேட்டார்கள்.

"ரெண்டும் ஒரே கடையில வாங்கின மாதிரி இருக்கு. ரெண்டு பேரும் தொடைக்குப் பயிற்சி செய்யுங்க. மாடி ஏறுறதைக் குறைச்சுக்குங்க."

தோல்வியில் துவண்டவர்கள் வண்டியில் வீடு வருவதற்குள் பெருமைப்பட ஆரம்பித்துவிட்டார்கள். பிள்ளைகளின் ஜோடிப் பொருத்தத்தைவிட நம் முட்டிப் பொருத்தம் பிரமாதம் என்றார் டிரைவர். மாஸ்டர் அதை ஆமோதித்தார். இருவரும் கீழறையிலேயே இருப்பது என்று முடிவானது. இரண்டு கட்டில், நடுவே ஒரு ஸ்டூல். மாடியில் ஓர் அறை காலியானது. காலையில் இருவரும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு காலை நீட்டி மடக்கினார்கள். மாஸ்டர் எண்ணிக்கை சொல்ல, டிரைவர் செய்தார்.

ஆனால் மாஸ்டர் தூக்கத்திலும் எண்ணிக்கை சொல்கிறவர். டிரைவர் மலைப்பாதையில் கியர் மாற்றுவதுபோலக் குறட்டை விடுகிறவர். ஒருநாள் மாஸ்டர் தூக்கத்தில் 'இடப்பக்கம் திரும்பு' என்று ஆணையிட, டிரைவர் தூக்கத்திலேயே பணிந்து கட்டிலிலிருந்து விழுந்தார்.

அதற்குப் பிறகு அதிசயம் நடந்தது. இரண்டு பேருக்கும் முட்டி குணமாகிவிட்டது. மகளைச் சமையலறையில் தனியாகப் பிடித்து, தனக்கு வலியே இல்லை, மேலே போய்விடுகிறேன், வேண்டுமானால் ஒரு படம் எடுத்துப் பார் என்றார் டிரைவர். ஈரத் துணியைக் காயப்போடும்போது மாஸ்டரும் வந்து அதையே சொன்னார். தேய்ந்தது தேய்ந்ததுதான், படத்தில் வளர்ந்து காட்டாது என்று இருவருக்கும் ஒரே பதிலைச் சொன்னாள்.

அன்று மாலை அவள் வேலையிலிருந்து வந்தபோது, சம்பந்திகள் இருவரும் மாடிப்படியின் நடுவில் இருந்தார்கள். தோளோடு தோள் முட்டிக்கொண்டு, கக்கத்தில் ஆளுக்கொரு தலையணையோடு. குறுகலான படி, ஒருவர் விலகினால்தான் ஒருவர் போக முடியும். வலி முகத்தில் தெரியக் கூடாது என்று இருவரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சிரிப்பு கொஞ்ச நேரமாகவே அங்கே இருந்திருக்கும்போலத் தோன்றியது.

"உங்கள மாடி ஏத்திட்டு நான் கீழ தூங்குவேனா சம்பந்தி? நான் போறேன்."

"நீங்க கஷ்டப்படறத என்னால பார்க்க முடியாது. நான் போறேன்."

இருவரும் அவள் பக்கம் திரும்பினார்கள். நீயே சொல்லும்மா என்றார் ஒருவர். மருமக சொன்னா சரிதான் என்றார் மற்றவர்.

அவள் பையைக் கூடத்தில் வைத்தாள். படியேறினாள். அப்பாவின் கக்கத்திலிருந்து தலையணையை உருவிக்கொண்டு, பக்கவாட்டில் திரும்பி, இருவருக்கும் நடுவே நுழைந்து, இரண்டிரண்டு படியாக மேலே போனாள். காலி அறைக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டு படுத்தாள்.

வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு, கதவுக்கு அப்பால், மிகத் தாழ்ந்த குரலில், யார் முதலில் இறங்குவது என்று இருவரும் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுக்க ஆரம்பித்திருந்தார்கள்.